அறிவோம் வாருங்கள்: கல்லுக்குள் கடல்



பிள்ளையை என்ன படிக்க வைக்கப் போகிறீர்கள் என்று கேட்டால், டாக்டர், வக்கீல், வாத்தியார் என்பதோடு நம் பட்டியல் முடிந்துவிடுகிறது. கல்லைப் படிக்கவும் ஒரு படிப்பு உண்டு. அதன் பெயர் நிலவியல்.

திருச்சி, அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம்மில் ஏராளம். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரத்தைக் கடல் மூடியிருந்தது. அதில் வாழ்ந்து மடிந்த சிப்பி, நத்தை போன்ற முதுகெலும்பில்லாப் பிராணிகளின் ஓடுகள் சேற்றில் புதைந்து கல்லாயின. கிடாக் கொம்புபோல் சுருண்ட ‘அம்மோனைட்’ கூடுகளும் அங்கே கிடைக்கின்றன. அந்த உயிரினம் இன்று உலகில் எங்குமே இல்லை.

அவற்றை வகைபிரித்துப் பெயரிட்டவர்களில் முக்கியமானவர் பெர்டினாண்ட் ஸ்டோலிச்கா. 1838ல், இன்றைய செக் நாட்டில் பிறந்தவர். தந்தை ஒரு பேராயரின் நிலத்தில் மரங்களைப் பராமரித்தவர். மகனோ 1862ல் கல்கத்தாவில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். தென்னிந்தியக் கடல் படிவங்களைப் பற்றி அவர் எழுதியவை 1873க்குள் பெரும் தொகுதிகளாக வெளிவந்தன.

அவர் நமது பினாங்குக்கும் 1869ல் வந்தார். டத்தோ கிராமாட்டிலிருந்து நிமிர்ந்து பார்த்தால் தெரியும் கொடிமலையின் கருங்கல்லில் கிளிஞ்சல் கிடைக்காது. பூமிக்கடியில் தீக்குழம்பு ஆறி இறுகிய கல் அது. அதனால் அவர் சும்மா இருந்துவிடவில்லை. இத்தீவின் தரை நத்தைகளை ஆராய்ந்து 1872ல் கட்டுரை வெளியிட்டார்.

இதனால் என்ன பயன் என்பீர்கள். ஒவ்வொரு வகை ஓடும் ஒரு காலத்தைக் காட்டும். ஒரே வகை ஓடு இரண்டு ஊர்களில் கிடைத்தால், இரண்டு பாறைகளும் ஏறக்குறைய ஒரே வயது என்று சொல்லிவிடலாம். எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவர்களும் மிக நுண்ணிய ஓடுகளைப் பார்த்தே எந்த அடுக்கை எட்டியிருக்கிறோம் என்று கணக்கிடுகிறார்கள்.

இது சுகமான வேலையல்ல. ஸ்டோலிச்கா 1874ல் இமயத்துக்கு அப்பாலுள்ள யார்க்கந்து சென்று திரும்பும் வழியில், உயர்ந்த மலைப்பாதையில் நோயுற்று இறந்தார். வயது 36. லடாக்கின் லே நகரில் அவர் கல்லறை இருக்கிறது.

மலாயாப் பல்கலைக்கழகத்திலும் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நிலவியல் கற்பிக்கிறார்கள். பெற்றோர்களே, உங்கள் பிள்ளை கல் பொறுக்கி வந்தால் குப்பை என்று வீசிவிடாதீர்கள். எந்த இடத்தில், எந்தத் தேதியில் எடுத்தாய் என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி அதனுடன் வைக்கச் சொல்லுங்கள். இடம் தெரியாத கல்லை ஆய்வுக்குப் பயன்படுத்துவது கடினம். இடத்தைக் குறித்து வைப்பதுதான் இந்தப் படிப்பின் முதல் பாடம்.