மாட்டை எங்கே கட்டுவது?

இடுக்கிப் பக்கம் பூமி லேசாக அசைந்ததென்று பத்திரிகையில் வந்தால் போதும், கம்பம் பள்ளத்தாக்கில் பெரியாறு அணையைப் பற்றித்தான் பேச்சு. குடியிருக்கும் வீட்டைப் பற்றி யாராவது பேசுகிறார்களோ?

1993 செப்டம்பர் 30 விடியற்காலை மராட்டியத்தில் லாத்தூர் சீமை குலுங்கியது. ஊரே தூக்கத்தில் இருந்தது. சுமார் 10,000 பேர் மாண்டார்கள். கொன்றது பூமியல்ல, ஐயா! மண்சாந்து வைத்த கனத்த கல்சுவரும், அதன்மேல் ஏற்றியிருந்த மண்கூரையுந்தான். பிறகு 52 கிராமங்கள் வேறிடத்தில் புதிதாக எழும்பின. பட்டாளத்து லயன் மாதிரி நேர் நேரான தெருக்கள், வீடுகளும் உறுதி. ஆனால் மாட்டை எங்கே கட்டுவது, தானியத்தை எங்கே கொட்டுவது? குடியானவனுடைய கவலை அது.

2001 ஜனவரி 26 பூகம்பத்துக்குப் பின் குஜராத்தில் வேறு வழி பார்த்தார்கள். பணம் வீட்டுக்காரர் கைக்கே வந்தது, தவணை தவணையாக. கட்டிய மட்டும் என்ஜினீயர் பார்த்து ஒப்பினால்தான் அடுத்த தவணை! பெரும்பாலோர் பழைய மனையிலேயே கட்டிக் கொண்டார்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது. வாடகைக்குக் குடியிருந்தவர்கள் பாடுதான் திண்டாட்டம். மனை இருந்தால்தானே பணம்?

அது கிடக்கட்டும். உங்கள் வீட்டில் நிலைக்கு மேலே, நாலு சுவரையும் விடாமல் சுற்றிக் கம்பி போட்ட கான்கிரீட் பட்டை ஓடுகிறதா? கொத்தனாரை ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்.