எண்ணெயின் தூய்மை

சென்னையினின்று திருவள்ளூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருநின்றவூரை அடுத்து வேப்பம்பட்டு என்னும் ஊர் உள்ளது. அவ்வூர் வழியே மின்சார இரயில்கள் புகையின்றிச் செல்கின்றன. சாலையோ அத்தகையதன்று. லாரிகளும் பேருந்துகளும் இடையறாது ஓடும் அச்சாலையோரத்தே பள்ளிச் சிறார் நிற்கும்பொழுது, அவை விட்டுச் செல்லும் புகையும் அவர்தம் மூச்சோடு உட்புகுகின்றது. அப்புகை எத்துணைக் கொடியது என்பது, வண்டியில் ஊற்றிய எண்ணெயின் தன்மையைப் பெரிதும் பொறுத்ததாகும்.

நெய்யின் நன்மையை மணத்தால் அறியலாம். பொன்னின் மாற்றை உரைகல்லால் அறியலாம். டீசலின் தூய்மையை அறியக் கண்ணும் மூக்கும் போதா. கந்தகம் மிக்க டீசலையும் அது குறைந்த டீசலையும் இரு கண்ணாடிக் குப்பிகளில் ஊற்றி அருகருகே வைப்பினும் பார்ப்பவர் வேறுபாடு காணார். எரிந்த பின்னரே வேறுபாடு விளங்கும். கந்தகம் எரிந்து கந்தக டை ஆக்சைடு என்னும் வாயுவாகின்றது. அது மூச்சுக்குழலை வருத்தும். ஈரத்தோடு கூடி அமிலமாகி இயந்திரத்தை அரிக்கும். புகையைத் தூய்மை செய்ய வண்டியில் அமைத்த கருவியையும் கெடுக்கும்.

ஆதலின் அரசு இதற்கு வரம்பு விதித்தது. 2010ஆம் ஆண்டு நாடெங்கும் பரவிய மூன்றாம் பாரத் நிலையில், ஆயிரம் கிலோகிராம் டீசலில் 350 கிராம் கந்தகம் வரை இருக்கலாம். 2017இல் அது 50 கிராம் ஆயிற்று. ஐந்தாம் நிலையைத் தாண்டி, 2020 ஏப்ரல் முதல் நாளில் ஆறாம் நிலை வந்தது. இன்று வரம்பு 10 கிராமே. இத்துணைச் சிறு அளவை ஆய்வுக்கூடம் எங்ஙனம் காண்கின்றது? டீசலில் சிறிதளவை மிக்க வெப்பத்தில் ஆக்சிஜனோடு எரிப்பர். உள்ள கந்தகம் முழுதும் வாயுவாகும். அவ்வாயுவின்மீது புற ஊதாக் கதிரைச் செலுத்தினால் அது ஒளியை உமிழும். அவ்வொளியை அளந்து கந்தகத்தின் அளவைக் கணிப்பர். வியத்தகு நுட்பம் இது!

மணலி ஆலையில் ஒருமுறை ஆராய்ந்தாயிற்றே, பின்னும் ஏன் ஆராய்தல் வேண்டும் எனச் சிலர் வினவுவர். அவ்வினா பொருந்தாது. ஆலையினின்று தொட்டிக்கும், தொட்டியினின்று லாரிக்கும், அங்கிருந்து விற்பனை நிலையத்தின் நிலத்தடித் தொட்டிக்கும் எண்ணெய் மாறுகின்றது. மாறும் இடந்தோறும் பிறபொருள் கலத்தற்கு வாய்ப்புண்டு.

ஆராய்ந்துவிட்டால் அனைத்தும் அறிந்தோம் என்பதும் பிழையே. கப்பல்களுக்குரிய கனத்த எரியெண்ணெயில் நேர்ந்தது இதனைக் காட்டும். 2022ஆம் ஆண்டு சிங்கப்பூரில் ஏறத்தாழ 200 கப்பல்கள் பெற்ற எண்ணெயில் குளோரின் சேர்ந்த கரிமப் பொருள்கள் கலந்திருந்தன. ஏறத்தாழ 80 கப்பல்களில் எண்ணெய்ப் பம்புகளும் இயந்திரங்களும் தொல்லைப்பட்டன. வழக்கமான சோதனைகளில் அப்பொருள்கள் புலப்படவில்லை. விரிவான ஆய்வே அவற்றைக் காட்டிற்று. ஆய்வுக்கூடம் கேட்ட வினாவிற்கே விடை கூறும் போலும்!

விற்பனை நிலையத்திலேயே செய்யத்தக்க எளிய சோதனைகள் சில உள. வடிதாளில் இட்ட ஒரு துளி பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறையின்றி ஆவியாதல் வேண்டும். அடர்த்தியை அளந்து, லாரியினின்று இறக்கியபோது குறித்த அளவோடு ஒப்பிடலும் உண்டு. கன மீட்டருக்கு 3 கிலோகிராமுக்கு மேல் வேறுபடின் ஐயத்திற்கு இடமுண்டு. இவற்றைச் செய்து காட்டுமாறு கேட்பது வாங்குவோரின் உரிமை. ஆயினும் கேட்பார் மிகச் சிலரே. கந்தகத்தையோ இச்சோதனைகள் காட்டமாட்டா. அதற்கு ஆய்வுக்கூடமே வேண்டும். எனவே, நிலையங்களினின்று எடுக்கப்படும் மாதிரிகளின் ஆய்வு முடிவை, விலைப்பலகையின் அருகே, எடுத்த நாளோடும் கந்தகத்தின் அளவோடும், தமிழில் எழுதி வைக்கச் செய்தல் அரசின் கடமையாகும். விலையை நாள்தோறும் மாற்றி எழுதும் பலகையில் இதற்கும் ஒரு வரி இடம் இல்லாமற் போகாது.