சைலன்சரை வெட்ட முதல் சிலிண்டரைக் கழட்டிப் பாருங்கோ

போன வருசம் பருத்தித்துறை வீதியில் என்னுடைய ஸ்கூட்டரின் எஞ்சின் ஓட்டத்திலேயே பிடித்துக்கொண்டது. பின் சில்லு அப்படியே இறுகியது. கிளச்சைப் பிடிக்க வேண்டும் என்று மூளை சொல்ல முதல் நான் றோட்டில் கிடந்தேன். முழங்கையில் தோல் போனதோடு சரி. பின்னால் பஸ் ஒன்றும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

எஞ்சின் பிடித்ததற்குக் காரணம் நான்தான். யூரியூப்பில் நாலு வீடியோ பார்த்துவிட்டுக் கிரைண்டரைக் கையில் எடுத்த நான்.

வண்டி சித்தப்பாவின் பழைய பஜாஜ் சேட்டக். பஜாஜ் நிறுவனம் முதலில் இத்தாலியின் வெஸ்பாவை உரிமம் வாங்கிச் செய்துகொண்டிருந்தது. அந்த உரிமம் முடிந்த பிறகு 1972இல் சேட்டக்கைக் கொண்டுவந்தது. அதனால் எஞ்சினின் குடும்பம் வெஸ்பாதான்: 145 சி.சி., ஒற்றைச் சிலிண்டர், ரூ ஸ்ரோக். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். அந்த ஐந்து வருசத்தில் புது மோட்டார் சைக்கிள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குக் கனவு. கொட்டிலுக்குள் கிடந்ததை எல்லாம் தூசி தட்டி எடுத்தோம். நானும் எடுத்தேன்.

சிலிண்டர் தேய்ந்திருந்தது. புதுச் சிலிண்டரும் பிஸ்டனும் வாங்கிப் போட்டேன். வண்டி ஸ்ராட் ஆனது, ஓடியது. ஆனால் இழுவை இல்லை. நண்பர்களிடம் கேட்டால் எல்லோருக்கும் ஒரே மருந்துதான்: "சைலன்சரை வெட்டு மச்சான்."

வெட்டினேன். சத்தம் கோண்டாவில் வரைக்கும் கேட்டது. இழுவை முதலைவிடக் குறைந்தது.

ஏன் என்று விளங்க, ரூ ஸ்ரோக் எஞ்சின் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்க்க வேண்டும். போர் ஸ்ரோக்கில் இருப்பதுபோல மேலே வால்வுகள் இதில் இல்லை. பிஸ்டன் மேலே போகும்போது அதற்குக் கீழே இருக்கும் கிராங்க் கேஸ் பெற்றோல் கலவையை உறிஞ்சுகிறது. பிஸ்டன் கீழே வரும்போது கேஸுக்குள் கலவை நெருக்கப்பட்டு, பக்கத்து வழிகளால் ஏறிச் சிலிண்டருக்குள் பாய்கிறது. இந்த வழிகளுக்குத்தான் ட்ரான்ஸ்பர் போர்ட் என்று பெயர். 5000 சுற்றில் ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 12 மில்லிசெக்கன். போர்ட் திறந்திருப்பது அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, அதாவது நாலு மில்லிசெக்கன். அதற்குள் பழைய புகை வெளியே போய்ப் புதுக் கலவை உள்ளே வந்து முடிய வேண்டும்.

அந்த வழியின் கீழ்ப்பாதி கேஸில் இருக்கிறது, மேல்பாதி சிலிண்டரில் இருக்கிறது. இரண்டும் தனித்தனியாக வார்த்தவை. பழைய கேஸோடு வேறு யாரோ செய்த புதுச் சிலிண்டரைப் பூட்டினால் இரண்டு வாயும் நேராகச் சந்திக்கும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. என்னுடையதில் சிலிண்டரின் வாய் ஒரு பக்கம் கேஸின் வாயைவிட ஒடுங்கியிருந்தது. கீழே இருந்து பாயும் கலவை அந்த விளிம்பில் நேராக மோதியது. போதாததற்கு நடுவில் இருந்த கஸ்கெட்டும் வழிக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மில்லிமீற்றர் படி. கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது. விரலை விட்டுத் தடவினால் தெரியும்.

இந்த இரண்டு வாயையும் அராவி ஒன்றாக்குவதைத்தான் போர்ட் மச்சிங் என்கிறார்கள். ஒன்றை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்: இது மந்திரம் இல்லை. சாதாரண வீதி எஞ்சினில் இதனால் மட்டும் வண்டி பறக்காது. இது எஞ்சினுக்கு ஏற்கெனவே உரிய காற்றைத் தடுக்காமல் விடும் வேலை, அவ்வளவுதான். ஆனால் அந்த அடிப்படை சரியில்லாமல் மேலே செய்யும் எதுவும் பிரயோசனமில்லை.

சரி, சைலன்சரை வெட்ட ஏன் இழுவை குறைந்தது? 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வால்டர் காடன் என்ற பொறியியலாளர் ரூ ஸ்ரோக்கின் புகைக்குழாயை ஓர் இசைக்கருவிபோல அளந்து செய்தார். வெளியே போகும் அழுத்த அலை குழாயின் முனையில் பட்டுத் திரும்பி வந்து, தப்பி ஓடப் பார்க்கும் புதுக் கலவையைத் திரும்பச் சிலிண்டருக்குள் தள்ளும். 1961இல் அவருடைய 125 சி.சி. எஞ்சின் ஏறத்தாழ 25 குதிரைவலு கொடுத்தது. அந்த வருசம் அவர்களின் ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் சுவீடன் பந்தயத்தோடு மேற்குக்குத் தப்பிப்போனார். அந்த அறிவும் அவரோடு சேர்ந்து சுசுகிக்குப் போனது. அடுத்த வருசமே 50 சி.சி. உலகப் பட்டம் டெக்னருக்கும் சுசுகிக்கும். ஒரு குழாயின் அளவுக்காக நாடு விட்டு நாடு கதை நடந்திருக்கிறது. நாங்கள் அதை அரிவாளால் வெட்டுகிறோம். வீதி வண்டியின் சைலன்சர் ரேஸ் வண்டியினதைப் போல இல்லைத்தான். ஆனாலும் அதன் உள் அறைகள் அந்த எஞ்சினுக்கென்று அளந்து வைத்தவை.

இனி என்னுடைய பிழைக்கு வருகிறேன். படியைக் கண்டுபிடித்ததும் எனக்குச் சந்தோசம். கண் மட்டத்தில் கோடு கீறினேன். கஸ்கெட்டை வைத்துப் பார்க்கவில்லை. பெரிய வாய் என்றால் கூடக் காற்று, கூடக் காற்று என்றால் கூட வேகம் என்பது என் கணக்கு. ஒரு மூலையில் கேஸின் விளிம்பை மயிரிழை அளவுக்குத் தேய்த்துவிட்டேன். கஸ்கெட் உட்காருவதற்கு அங்கே இடமில்லை. பிஸ்டன் மேலே போகும் ஒவ்வொரு தடவையும் கேஸ் அந்த மூலையால் வெளிக்காற்றை உறிஞ்சியது. காற்றுக் கூடப் பெற்றோலும் ஓயிலும் விகிதத்தில் குறைந்தன. சூடு ஏறியது, பிஸ்டன் வீங்கியது, சிலிண்டரோடு ஒட்டியது. மிச்சம்தான் பருத்தித்துறை வீதி.

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தது ஒரு சின்னக் கராச். பெயர்ப்பலகை இல்லாதது. அண்ணை எஞ்சினைக் கழட்டவில்லை. சவுக்காரத் தண்ணீரைச் சிலிண்டரின் அடியில் பூசி, கேஸுக்குள் மெல்லக் காற்றடித்தார். மூலையில் நுரை வந்தது.

"ஆர் தம்பி உதை அராவினது?"

"நான்தான் அண்ணை."

"கஸ்கெட்டை வச்சுப் பாத்தனீரோ?"

"இல்லை."

அவர் பேசவில்லை. பின்பக்கச் சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு கட்டைக் கழட்டிக்கொண்டு வந்தார். பழைய பைல் மட்டைகளில் வெட்டிய கஸ்கெட் வடிவங்கள். ஐம்பது, அறுபது இருக்கும். ஒவ்வொன்றிலும் பேனையால் எஞ்சினின் பெயர், தடிப்பு, ஏதாவது ஒரு குறிப்பு.

1990இல் சண்டை திரும்பத் தொடங்கிய பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பொருளாதாரத் தடை. பெற்றோல் இல்லை, உதிரிப்பாகம் இல்லை. காபரேட்டருக்குள் நாலு துளி பெற்றோலை விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய கதையை எங்கள் வீடுகளில் கேட்காதவர்கள் இல்லை. அதை நாங்கள் பகிடியாகத்தான் கேட்டு வளர்ந்தோம். அந்தப் பகிடிக்குப் பின்னால் எவ்வளவு கணக்கு இருந்தது என்று அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"மண்ணெண்ணெய் நொக்கிங் அடிக்கும். தலைக்குக் கீழை ரெண்டு கஸ்கெட் போட்டா கொம்பிரசன் குறையும், நொக்கிங் நிக்கும். அதையே சிலிண்டருக்குக் கீழை போட்டா போர்ட்டும் சேந்து மேலை ஏறிடும், எஞ்சின்ரை குணமே மாறிப்போம். அதுதான் எது எங்கையெண்டு எழுதி வச்சனான்."

கேஸின் மூலையை அலுமினியம் வெல்ட் பண்ணி நிரப்பி, கண்ணாடித் தட்டில் தேய்த்து மட்டமாக்கினார்கள். பிறகு அவர் செய்ததை அப்படியே சொல்கிறேன், தேவைப்படுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கிராங்கை முழுதாகக் கழட்டினார். அலுமினியத் தூள் பெயரிங்குக்குள் போனால் எஞ்சின் முடிந்தது. அதோடு வெஸ்பா வழி எஞ்சின்களில் கலவை உள்ளே வரும் வாயைக் கிராங்கே திறந்து மூடுகிறது. அது உரசாமல் சுழலும் வளைந்த முகத்தில் ஒரு கீறல் பட்டாலும் கேஸ் வீண். கஸ்கெட் தாளைக் கேஸின் மேல் வைத்துச் சின்னச் சுத்தியலால் விளிம்பைத் தட்டித் தட்டி வடிவம் எடுத்தார். அதே தாளைச் சிலிண்டரின் அடியில் வைத்துப் பார்த்தார். மை பூசி ஊசியால் கோடு கீறினார். கோட்டைத் தாண்டவே இல்லை. விளிம்பை மட்டும் சீவாமல், ஒரு விரல் அகலம் உள்ளே போய்ச் சரிவாகக் கலந்துவிட்டார். கஸ்கெட் உட்கார விளிம்பு மிச்சமிருக்கிறதா என்று ஒவ்வொரு ஐந்து நிமிடமும் அளந்தார். எல்லாம் பூட்டிய பிறகு திரும்பவும் சவுக்காரத் தண்ணீர். நுரை இல்லை.

முழு வேலைக்கும் இரண்டு நாள். கிரைண்டர் ஓடியது எல்லாமாக ஒரு மணித்தியாலம்கூட இல்லை. மிச்சம் முழுக்கப் பார்ப்பதும் அளப்பதும்தான்.

இதை வாசிக்கும் சிலர் கேட்பீர்கள்: செத்துப்போகிற எஞ்சினுக்கு ஏன் இந்தப் பாடு? நியாயமான கேள்வி. ரூ ஸ்ரோக்கின் புகைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. எரியாத பெற்றோலும் ஓயிலும் சேர்ந்து வெளியே போகும் எஞ்சின் இது. ரூ ஸ்ரோக் ஓட்டோக்களின் இறக்குமதியை நிறுத்தியது சரியான முடிவு என்றுதான் நினைக்கிறேன். என் வண்டியும் ஒரு நாள் நிற்க வேண்டியதே.

ஆனால் இங்கே ரூ ஸ்ரோக் என்றால் பொடியங்களின் விளையாட்டுச் சாமான் மட்டும் இல்லை. குருநகரிலும் மயிலிட்டியிலும் சின்னப் படகுகளைக் கடலுக்குக் கொண்டுபோகும் மண்ணெண்ணெய் வெளியிணைப்பு எஞ்சின்களில் கனக்க ரூ ஸ்ரோக்தான். 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. அந்த எஞ்சின் ஒழுங்காக மூச்சு விடுகிறதா, எண்ணெயைக் கொட்டுகிறதா என்பது ஒரு குடும்பத்தின் வருமானக் கணக்கு.

அதைவிடப் பெரிய விசயம் வேறு. அளவு ஒத்துவராத இரண்டு சாமானை, கையிலிருக்கும் கருவியோடு, உடைக்காமல் ஒன்றாக்கும் ஒரு அறிவு எங்களிடம் இருந்தது. தடைக்காலம் அதைக் கட்டாயப்படுத்திக் கற்பித்தது. இப்போது கராச்சுகளில் பழுதானதைக் கழட்டி எறிந்து புதுசைப் பூட்டுவதுதான் வேலை. கைப்பழக்கத்தால் தொழில் கற்றவர்களையும் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் வழி தேசிய தொழில் தகைமை முறையில் இருக்கிறது. நல்லது. ஆனால் சான்றிதழ் ஆளுக்குக் கிடைக்கும். ஆணியில் தொங்கும் அந்தக் கட்டுக்கு என்ன கிடைக்கும்? அண்ணையின் மகன் கனடாவில். கராச்சை இன்னும் இரண்டு வருசம் நடத்துவார், கூடினால் மூன்று. அதற்குப் பிறகு அந்த மட்டைகளை யாரோ அடுப்புக்குள் போடுவார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை. அது என்னவென்று தெரியாமல்.

நூல்களையும் பத்திரிகைகளையும் எண்ணிமப்படுத்திக் காப்பாற்றுவதில் எங்களுக்குப் பழக்கம் இருக்கிறது. நூலகம் திட்டம் 2005 முதல் அதைச் செய்துவருகிறது. கராச்சின் சுவரும் ஓர் ஆவணம்தான் என்று நாங்கள் இன்னும் நினைக்கப் பழகவில்லை.

நான் சனிக்கிழமைகளில் அங்கே போகிறேன். ஒவ்வொரு மட்டையையும் வெள்ளைத் தாளில் வைத்துச் சுற்றி வரைந்து, பக்கத்தில் அளவுகோலை வைத்துப் படமெடுத்து, அண்ணை சொல்லும் குறிப்பை எழுதுகிறேன். இதுவரை பதினொன்று முடிந்தது. சிலதில் மை அழிந்துவிட்டது. அதை அவர் யோசித்து யோசித்துத்தான் சொல்கிறார். இரண்டு மட்டையைப் பார்த்து, "உது என்னதெண்டு மறந்துபோனன் தம்பி" என்றார்.

உங்கள் ஊரிலும் இப்படி ஒரு கராச் இருக்கும். வண்டி பழுதாகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்காமல் ஒரு நாள் போங்கள். அரிவாளை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு கொப்பியும் பென்சிலும் கொண்டுபோங்கள்.