கையில் ரேடியோ இருந்தது, எதிர்முனையில் ஆள் இல்லை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது பொறுமையாகப் படியுங்கள்.

திருவண்ணாமலையில் ஹாம் ரேடியோ ஆர்வம் உள்ள நாங்கள் சிலர் அவ்வப்போது கூடிப் பேசுவது வழக்கம். சில மாதங்களாக எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். ஊருக்கு ஒரு ரிப்பீட்டர் வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். அது பழைய அனலாக் வகையா, டிஜிட்டலா என்பதில்தான் தகராறு. இளைஞர்கள் டிஜிட்டல் என்கிறார்கள். என் வயதுக்காரர்கள் "நல்லா ஓடுறதை எதுக்கு மாத்தணும்?" என்கிறார்கள். நீங்க யார் பக்கம் சார் என்று இரண்டு தரப்பும் கேட்டுவிட்டார்கள். பதிலை எல்லோருக்கும் பொதுவாக இங்கேயே எழுதிவிடுகிறேன்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்கு முதலில் ஒரு சின்னப் பாடம். (வாத்தியார் புத்தி போகாது!) மத்திய அரசு நடத்தும் தேர்வை எழுதி, உரிமமும் அழைப்புக் குறியும் பெற்று, லாப நோக்கம் இல்லாமல் வானொலி அலையில் பேசுபவர்தான் ஹாம். 12 வயது நிரம்பியவர்கள் தேர்வு எழுதலாம். மறைந்த பிரதமர் ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான்.

நான் பொறியாளன் இல்லை. ஆசிரியர் பட்டயப் பயிற்சி முடித்து, கடைசி வரை இடைநிலை ஆசிரியராக இருந்தவன். எண்பதுகளில் மோர்ஸ் சங்கேதம் தட்டிப் பழகியபோது, வீட்டில் மரங்கொத்தி வளர்க்கிறோம் என்று கிண்டல் செய்தார்கள். 2003இல் உலக வானொலி மாநாடு, மோர்ஸ் கட்டாயமா இல்லையா என்பதை அந்தந்த நாடே முடிவு செய்துகொள்ளட்டும் என்று விட்டது. இத்துடன் ஹாம் ரேடியோ செத்தது என்று புலம்பியவர்களில் நானும் ஒருவன். ஒன்றும் சாகவில்லை. மோர்ஸுக்குப் பயந்து ஒதுங்கியிருந்த பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். அதனால் புதியது எதைக் கண்டாலும் உடனே முகம் சுளிக்கும் உரிமையை நான் அன்றே இழந்துவிட்டேன்.

சரி, ரிப்பீட்டர் என்றால் என்ன? நம் கையடக்க ரேடியோவின் அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். நம் ஊரில் நடுவே மலை நிற்கிறது. கிழக்கே பேருந்து நிலையம் பக்கம் இருக்கும் நான், மேற்கே அடி அண்ணாமலையில் இருக்கும் நண்பரோடு நேரடியாகப் பேச முடியாது. நடுவில் அண்ணாமலையார்! இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி தள்ளி ஓர் உயரமான இடத்தில் ஒரு கருவியை வைத்தால், அது ஒரு அலைவரிசையில் நம் குரலைக் கேட்டு, அதே நொடியில் இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பி ஒலிக்கும். அவ்வளவுதான் ரிப்பீட்டர். "மலை உச்சியிலேயே வெச்சிடலாமே சார்" என்றான் ஒருவன். அது தீபம் ஏற்றும் இடம், மலையே சிவன் என்று கும்பிடுகிற ஊர் இது, அந்தப் பேச்சே வேண்டாம் என்றேன். மாவட்டத்தில் மேட்டுக்கா பஞ்சம்?

இப்போது 2024 டிசம்பருக்கு வருகிறேன். ஃபெஞ்சல் புயலை நம் ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம். டிசம்பர் 1ஆம் தேதி வ.உ.சி. நகரில் மலையிலிருந்து பாறையும் மண்ணும் சரிந்து வந்து ஏழு உயிர்களைக் கொண்டு போனது. அதில் ஐந்து பேர் குழந்தைகள். நாற்பது வருடம் குழந்தைகளோடு வாழ்ந்தவன் நான். இன்றும் அந்தத் தெருப்பக்கம் போனால் கால் தயங்குகிறது. ரேடியோ இருந்திருந்தால் அவர்கள் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது பொய், பாவமும்கூட.

நான் சொல்ல வருவது அதற்கு மறுநாள் கதை. சாத்தனூர் அணையிலிருந்து டிசம்பர் 2 அதிகாலையில் விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்து விடப்பட்டது. என் தங்கை வீடு திருக்கோவிலூர் பக்கம், ஆற்றங்கரைக் கிராமம். இங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான். காலையிலிருந்து போன் போட்டேன். மணி அடிக்கவே இல்லை. அங்கே கரண்ட் இல்லை, போனில் சிக்னலும் இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. என் அலமாரியில் இரண்டு கையடக்க ரேடியோ, முழு சார்ஜோடு இருந்தன. ஒன்றை எடுத்துக்கொண்டு மொட்டை மாடி ஏறினேன். அழைப்புக் குறியைச் சொல்லி அழைத்தேன். இரைச்சல்தான் பதில். அலையை 35 கிலோமீட்டர் கொண்டு சேர்க்க ரிப்பீட்டர் இல்லை. இருந்திருந்தாலும் அந்தப் பக்கம் கேட்க ஒரு ஹாம் இல்லை. தங்கை குடும்பம் மேட்டுத் தெருப் பள்ளிக்கூடத்தில் பத்திரமாக இருந்த செய்தி மறுநாள்தான் வந்தது. அந்த ஒரு ராத்திரியை நான் எந்த விரோதிக்கும் நேர வேண்டாம் என்பேன்.

இனி டிஜிட்டலுக்கு வருவோம். என் பழைய மாணவன் ஒருவன் இந்த விஷயத்தில் கெட்டிக்காரன். ஒரு நாள் வீட்டுக்கு வந்து, உள்ளங்கை அளவு ஹாட்ஸ்பாட் பெட்டி ஒன்றை இன்டர்நெட்டில் மாட்டினான். "பேசுங்க சார்" என்று டி.எம்.ஆர். ரேடியோவை என் கையில் கொடுத்தான். ஜப்பான்காரர் ஒருவர் பதில் சொன்னார். பக்கத்து அறையில் இருந்து பேசுவது போல் அப்படி ஒரு தெளிவு. எனக்குக் குழந்தை போல் சந்தோஷம். பிறகு சொன்னேன்: "தம்பி, அந்த வயரைப் பிடுங்கு."

பிடுங்கினான். ஜப்பான் போய்விட்டது. பக்கத்துத் தெருவும் போய்விட்டது.

"புயல் அன்னிக்கு இதுதான்டா நடக்கும்" என்றேன்.

அவன் விடவில்லை. "சார், இது ஹாட்ஸ்பாட். உண்மையான ரிப்பீட்டர் வேற. இன்டர்நெட் இல்லன்னாலும், அது எட்டுற தூரம் வரைக்கும் எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் பேசலாம். வயர் வெளியூர் பேசத்தான்." அவன் சொன்னது சரி. குருவுக்குச் சீடன் பாடம் எடுத்தான், நான் கேட்டுக்கொண்டேன்.

டிஜிட்டலில் உண்மையான நன்மைகள் உண்டு. டி.எம்.ஆர். முறை ஒரே அலைவரிசையை இரண்டு காலத் துண்டாகப் பிரிக்கிறது. ஒரே ரிப்பீட்டரில் ஒரே சமயத்தில் இரண்டு தனிப் பேச்சு நடக்கும். ஒன்றில் மீட்புப் பணி, இன்னொன்றில் மருத்துவ உதவி என்று வைத்துக்கொள்ளலாம். பேசும்போது கருவி பாதி நேரம்தான் அலை வீசுவதால் பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும். குறுஞ்செய்தியும், இருக்கும் இடமும் அனுப்பலாம்.

குறைகளும் உண்டு. அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய இரைச்சல் கூடும். ஆனால் இரைச்சலுக்கு நடுவிலும் "தண்ணி வருது" என்ற இரண்டு வார்த்தை காதில் விழுந்துவிடும். டிஜிட்டல் எல்லை வரை தெளிவாக இருந்து, அதைத் தாண்டியதும் சட்டென்று அறுந்துவிடும். மேலும் டி-ஸ்டார், டி.எம்.ஆர்., ஃப்யூஷன் என்று மூன்று முறைகள். ஒன்றின் பாஷை மற்றொன்றுக்குப் புரியாது. வெளியூரிலிருந்து உதவிக்கு ஓடிவரும் ஹாம், தன் ரேடியோவில் நம் ரிப்பீட்டரின் எண்களையெல்லாம் கணினி வைத்து ஏற்றிக்கொண்டு உட்கார முடியுமா?

ஆகவே என் தீர்ப்பு இது. இரண்டு முறையிலும் வேலை செய்யும் ரிப்பீட்டர் வைப்போம். இன்டர்நெட் இணைப்பு இருக்கட்டும், ஆனால் அது அறுந்தாலும் உள்ளூர்ப் பேச்சு நிற்கக் கூடாது. சூரியத் தகடும் பேட்டரியும் இல்லாமல் திறப்பு விழாவே வேண்டாம். உரிமத்தை முறைப்படி வாங்கிய பிறகே சுவிட்சைப் போட வேண்டும்.

ஆனால் இதையெல்லாம்விட முக்கியம் ஆள். 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு அந்தமானில் இருந்தது. உலக ஹாம்களோடு பேசுவதற்காகப் போனவர்கள். போன் எல்லாம் அடங்கிய நேரத்தில் போர்ட் பிளேரிலிருந்து செய்தி அனுப்பி எத்தனையோ குடும்பங்களுக்கு நிம்மதி கொடுத்தார்கள். அவர்களைக் காப்பாற்றியது புதுக் கருவி இல்லை. அன்று அங்கே பழகிய கையும் தயாரான ரேடியோவும் இருந்தன. கங்காசாகர் மேளாவில் மேற்கு வங்க ரேடியோ கிளப் ஹாம்கள், கூட்டத்தில் தொலைந்தவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கிறார்கள். லட்சக்கணக்கில் கூட்டம் வந்து செல்போன் திணறும் நம் கார்த்திகை தீபத்துக்கு அது பொருந்தாதா?

எனவே இரண்டு தரப்புக்கும் என் வேண்டுகோள். வாரம் ஒரு நாள், குறித்த நேரத்தில் எல்லோரும் அலையில் வந்து பெயர் கொடுங்கள். மாதம் ஒரு முறை கரண்ட், இன்டர்நெட் இரண்டையும் நிறுத்திவிட்டுப் பேசிப் பாருங்கள். தென்பெண்ணைக் கரையில் ஊருக்கு ஒரு பள்ளி மாணவரையோ ஆசிரியரையோ தேர்வு எழுத வையுங்கள். பாடம் நடத்த நான் இருக்கிறேன். ஃபீஸ் ஒரு டம்ளர் டீ.

அடுத்த முறை மாடி ஏறி அழைக்கும்போது, அனலாக்கோ டிஜிட்டலோ, எதிர்முனையில் ஒரு குரல் வேண்டும். எனக்கு அது போதும்.

மாற்றுக் கருத்து இருந்தால் தாராளமாகச் சொல்லுங்கள். திருக்கோவிலூர், தண்டராம்பட்டு பக்கம் ஆர்வமுள்ள பிள்ளைகள் யாராவது இருந்தால் எனக்குத் தெரியப்படுத்துங்கள்.