வரி வாங்கத் தெரிந்தது. படத்தைக் காக்கத் தெரியவில்லை!

கோலாப்பூர் என்றால் நம்ம ஆட்களுக்குச் சட்டென்று ஞாபகம் வருவது செருப்புதான். அதே ஊரில்தான், சொந்தக் கையால் கேமரா செய்து சினிமா எடுத்த ஓர் ஆசாமி இருந்தார்.

பெயர் பாபுராவ் மேஸ்திரி. 1890-இல் பிறந்தவர். உறவினர் ஆனந்தராவோடு சேர்ந்து நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து பிழைத்தார். அதனால் 'பெயிண்டர்' என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கடைசி வரை அவர் பாபுராவ் பெயிண்டர்தான்!

கூட்டாளி சாவு

பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா' 1913-இல் வந்தது. நாமும் எடுத்தால் என்ன என்று இருவருக்கும் ஆசை. கேமராவுக்கு எங்கே போவது? தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 1916-இல் ஆனந்தராவ் இறந்துபோனார். வேறொருவராக இருந்தால் கடையைக் கட்டியிருப்பார். பாபுராவ் விட்டாரா? தாம்லே என்ற சீடரைச் சேர்த்துக்கொண்டு 1918-இல் கேமராவை ஓடவைத்தார். 'மகாராஷ்டிரா பிலிம் கம்பெனி' பிறந்தது.

முதல் படம் 'சைரந்திரி', 1920. ஆண்களே பெண் வேஷம் கட்டிய காலத்தில், பெண்களையே நடிக்க வைத்தார். கீசகனைப் பீமன் கொல்லும் காட்சி பயங்கரமாக இருக்கிறதென்று சென்சார் கத்தரி போட்டது. திலகரோ பாராட்டிப் பட்டமே கொடுத்தார்.

போஸ்டரையும் அவரே வரைந்தார். படத்தின் விவரமும் போட்டோவும் போட்டுச் சின்னப் புத்தகம் அச்சடித்தார். கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் வாங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வட்டிக்காரன் கதை

1925-இல் வந்த 'சாவ்காரி பாஷ்' அவருடைய பெயர் சொன்ன படம். வட்டிக்காரனிடம் நிலத்தைப் பறிகொடுத்த விவசாயி, பட்டணத்துக்கு வந்து மில் கூலியாகும் கதை. விவசாயியாக நடித்த இளைஞர்தான் பின்னாளில் பெரிய டைரக்டரான வி. சாந்தாராம். சாமி படமும் ராஜா படமும் ஓடிய காலத்தில் கடன்பட்டவன் கண்ணீரைத் திரையில் காட்டத் தைரியம் வேண்டும்.

அந்தப் படத்தை இன்று பார்க்கலாமா என்றால், முடியாது. பிரதி இல்லை! அவருடைய மௌனப் படங்களில் பெரும்பாலானவை போன இடம் தெரியவில்லை.

இது கோலாப்பூர்க் கதை மட்டுமா? அதே கீசகன் கதையை, பாபுராவுக்கும் முன்பே சென்னையில் படமாக்கியவர் நடராஜ முதலியார். தென்னாட்டின் முதல் படமான அந்தக் 'கீசக வத'மும் இன்று இல்லை.

ஏன் இந்தக் கதி? அந்தக் கால பிலிம் சுலபமாகத் தீப்பற்றும். 1931-இல் பேசும்படம் வந்ததும் ஊமைப்படம் செல்லாக்காசு ஆனது. பிலிமில் இருக்கும் வெள்ளிக்காக உருக்கியவர்களும் உண்டு.

சர்க்கார் என்ன செய்தது? பம்பாயில் 1923-லேயே கேளிக்கை வரி வந்துவிட்டது. அந்த வருஷம் பாபுராவின் 'சிங்ககட்' படத்துக்கு முண்டியடித்த கூட்டத்தைப் பார்த்துத்தான் அந்த யோசனையே உதித்தது என்று சொல்வார்கள். படங்களைச் சேர்த்து வைக்கப் புனேயில் காப்பகம் அமைந்ததோ 1964-இல்! பாபுராவ் கண்ணை மூடி அப்போது பத்து வருஷம் ஆகிவிட்டது.

காப்பகம் வந்தால் போதுமா? 2003-இல் புனே திரைப்படக் கல்லூரி வளாகத்தில் பிலிம் கிடங்கு எரிந்து, பழைய படச் சுருள்கள் சாம்பலாயின. பூட்டி வைப்பது பாதுகாப்பு ஆகாது. பிரதி எடுத்து, இரண்டு மூன்று ஊர்களில் வைப்பதுதான் பாதுகாப்பு. ஒவ்வொரு டிக்கெட்டிலும் வரி வாங்கும் அரசுக்கு இது பெரிய செலவா?

மூடிய தியேட்டரின் மூலையில், யார் வீட்டுப் பரணிலோ துருப்பிடித்த பிலிம் பெட்டி கிடந்தால், தயவுசெய்து பழைய இரும்புக்காரனிடம் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். யார் கண்டது? நாம் தேடும் படம் அதற்குள்ளேயே இருக்கலாம்.