கொரோனா நெகட்டிவ் வந்த பிறகும் நெஞ்சுவலியா? எல்லாமே 'கேஸ்' இல்லை!

காய்ச்சல் விட்டாச்சு, டெஸ்ட்டும் நெகட்டிவ். ஆனால் திடீரென ஒரு பக்க நெஞ்சு சுருக்கென்று வலிக்கிறது, மூச்சு வாங்குகிறது. பல வீடுகளில் உடனே வரும் தீர்ப்பு, "கேஸா இருக்கும், சோடா குடி".

காற்றுதான் பிரச்சனை என்பது சில சமயம் உண்மைதான். ஆனால் அது வயிற்றுக் காற்று இல்லை. கொரோனா தாக்கிய நுரையீரலில் காற்றுப் பைகளின் சுவர் பலவீனமாகிவிடும். பலமாக இருமும்போது அது கிழிந்தால், காற்று வெளியே கசிந்து நுரையீரலைச் சுற்றித் தேங்கி, நுரையீரலையே அழுத்திச் சுருக்கும். இதுதான் நியூமோதோராக்ஸ். மார்பின் நடுவே, இதயத்தைச் சுற்றிப் புகுந்தால் நியூமோமீடியாஸ்டினம். அங்கிருந்து கழுத்துத் தோலுக்கு அடியில் ஏறிவிட்டால், தொட்டாலே நறநறவென்று இருக்கும்.

வென்டிலேட்டரில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் என்றும் இல்லை. வென்டிலேட்டர் பக்கமே போகாத, ஏற்கெனவே நுரையீரல் நோய் இல்லாத சிலருக்கும் வந்ததை 2020-லேயே மருத்துவ இதழ்கள் பதிவு செய்தன. பிரிட்டனில் கொரோனாவுக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் ஏறக்குறைய 100-ல் ஒருவருக்கு நியூமோதோராக்ஸ் வந்தது. அரிதுதான். சின்னக் கசிவு ஓய்விலேயே ஆறிவிடும். பெரிதானால் நெஞ்சில் குழாய் போட்டுக் காற்றை எடுக்க வேண்டும். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

அப்படியிருக்க, டிஸ்சார்ஜ் சீட்டில் "திடீர் நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்றால் உடனே வாங்க" என்று ஒரு வரியைப் பெரிய எழுத்தில் அச்சடிக்க என்ன தயக்கம்? நோயாளி பயந்துவிடுவாராம்! சொல்லாமல் விட்டால் அவர் சோடா குடித்துக்கொண்டு வீட்டிலேயே இருப்பார். நெஞ்சுவலி என்று வந்தவருக்கு ஈசிஜி நார்மல் என்றதும் அனுப்பிவிடாமல், "சமீபத்துல கொரோனா வந்துச்சா?" என்று கேட்டு ஒரு எக்ஸ்ரேவும், சந்தேகம் தீராவிட்டால் சி.டி ஸ்கேனும் எடுத்துவிடலாமே.