பென்சிலுக்கு முன்னால் கொஞ்சம் ரொட்டி மாவு

"டீச்சர், எங்க புள்ள எழுதுறானா?"

பின்னேரம் பிள்ளைக்காம்பராவுக்குப் பிள்ளையைத் தூக்க வரும் அம்மாமார் முதலில் கேட்பது இதைத்தான். சாப்பிட்டானா, தூங்கினானா என்பதெல்லாம் பிறகு. பிள்ளைக்காம்பரா 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று பெயர் மாறி வருஷக்கணக்காச்சு. கேள்வி மட்டும் மாறவில்லை. டீச்சரும் பாவம், என்ன செய்வார்? மூன்றரை வயசுப் பிள்ளையின் கையைப் பிடித்து கொப்பி நிறைய 'அ' எழுத வைக்கிறார். கொப்பி நிறைந்தால் வீட்டில் சந்தோஷம்.

இது தப்பு என்று நாங்கள் நினைக்கிறோம்.

அம்மாமாரின் பயம் எங்களுக்கு விளங்காமல் இல்லை. தெரணியகலையிலோ இறக்குவானையிலோ ஒரு தோட்டத்துப் பிள்ளை ஐந்து வயசு முடிந்து முதலாம் ஆண்டுக்குப் போகும்போது, டவுன் பிள்ளையைவிடப் பின்தங்கிவிடுமோ என்ற பயம் அது. பக்கத்தில் தமிழ்ப் பாடசாலை இல்லாமல் சிங்கள மொழி மூலம் சேர்க்கும் வீடுகளில் அந்தப் பயம் இரட்டிப்பு. ஆனால் பயத்துக்கு மருந்து அவசரம் இல்லை.

மணிக்கட்டில் 8 சின்ன எலும்புகள் இருக்கின்றன. பிறக்கும்போது அவை எல்லாமே வெறும் குருத்தெலும்பு. ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும், பல எலும்புகள் 4 முதல் 6 வயசுக்குள்தான் எலும்பாகத் தொடங்குகின்றன. எழுத முதலில் தோள் உறுதியாக வேண்டும், பிறகு மணிக்கட்டு, கடைசியில்தான் விரல். நாம் கடைசிப் படியில் பிள்ளையை ஏற்றிவிட்டு, "ஏன் விழுற?" என்று கேட்கிறோம்.

இது நமக்குத் தெரியாத விஷயமா? பேர் பதிந்த முதல் நாளே முழுப் பேருக்குக் கொழுந்து எடுத்தவர் யாராவது உண்டா? புதுசாகப் பால் வெட்ட வந்தவரிடம் நல்ல றப்பர் மரத்தை உடனே ஒப்படைப்பார்களா? பட்டையில் காயம் பட்டால் மரமே கெட்டுவிடும் என்று தெரியும். கைக்குப் பழக்கம் வேண்டும் என்பதை நம்மைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யார்? அந்தப் பொறுமையைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் கொடுப்பதில்லை?

நம் ஊரில் முன்பள்ளிக்கே 'மொண்டிசூரி' என்றுதான் பேர். அந்தப் பேருக்குச் சொந்தக்காரர் மரியா மொண்டிசூரி 1907இல் ரோம் நகரின் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில்தான் தன் முதல் பிள்ளைகள் இல்லத்தைத் திறந்தார். 1939இல் சென்னை அடையாறுக்கு வந்தும் ஆசிரியர்களைப் பழக்கினார். எழுத முன்னால் கையைத் தயார்படுத்த வேண்டும் என்பது அவருடைய முறை. சொரசொரப்பான எழுத்தைப் பிள்ளை விரலால் தடவிப் பார்க்கும். விஜயதசமிக்கு ஏடு தொடக்கும்போது நாம் அரிசியில் விரலை வைத்து எழுதுவதும் கிட்டத்தட்ட அதுதானே? ஒரு நாளோடு ஏன் நிறுத்துகிறோம்?

காசு செலவழிக்கத் தேவையில்லை. காலையில் ரொட்டி மாவு பிசையும்போது ஒரு உருண்டையைப் பிள்ளையிடம் கொடுங்கள். ஈரத்துணியைப் பிழியட்டும். சட்டை பொத்தானைத் தானே போடட்டும். லேட்டானாலும் பரவாயில்லை. பழைய பேப்பரைக் கிழித்து ஒட்டட்டும். மரம் ஏறட்டும், தோள் பலமாகும். லயத்துச் சுவரில் கரியால் கிறுக்கினால் அடிக்காதீர்கள். நின்றபடி சுவரில் கீறுவது மணிக்கட்டுக்கு நல்ல பயிற்சி. சுவரில் ஒரு மூலையை அவனுக்கே விட்டுவிடுங்கள். இடக்கையால் கீறினால் இடக்கையாலேயே கீறட்டும். றப்பர் கொட்டையை மட்டும் கொடுக்க வேண்டாம், அது நஞ்சு.

எழுத்துக்கு வரும்போதும் 'அ'வில்தான் தொடங்க வேண்டும் என்று சட்டம் இல்லை. நேர்கோடுகளால் ஆன 'ட'வும் 'ப'வும் சின்னக் கைக்கு லேசு. வளைவும் சுழியும் பிறகு வரட்டும்.

நிலையங்களை நடத்துகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். கொப்பி எத்தனை நிறைந்தது என்று பார்க்காதீர்கள். களிமண், மணல் தட்டு, முனை மழுங்கிய கத்தரிக்கோல் இருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்து என்றாலே அடியும் அழுகையும் என்று நாலு வயசில் மனசில் பதிந்த பிள்ளை, பிறகு பள்ளிக்கூடத்தைவிட்டு ஓடத்தான் பார்க்கும். அப்படி நின்றுபோன நண்பர்கள் எங்களுக்கும் இருக்கிறார்கள்.

அதனால் நாளைப் பின்னேரம் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்போம்: "டீச்சர், எங்க புள்ள இன்னைக்கு கையால என்ன செஞ்சான்?"